கணக்காளர் நடத்திய ரெய்டு

1956-இல் ஐபிஎம் வெளியிட்ட முதல் ஹார்ட் டிஸ்க்கில் 24 அங்குலத் தட்டுகள் 50. எடை ஏறக்குறைய ஒரு டன், கொள்ளளவு நாலு எம்பிகூடத் தேறாது. எந்த டிஸ்க் வாங்கலாம் என்று அப்போது யாரும் மண்டையைப் பிய்த்துக்கொள்ளவில்லை. வாசற்படி தாண்டி உள்ளே வந்தாலே பெரிய விஷயம்.

ஏழரை தொடங்கியது 1988-இல். பெர்க்லியின் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் ஒரு ஆய்வுக்கட்டுரை போட்டார்கள்: ஐபிஎம்மின் ஒற்றை யானை எதற்கு, பிசியில் போடும் மலிவு டிஸ்க்குகளைக் கூட்டமாக ஓட்டலாமே! ஓட்டலாம்தான். ஒன்று சராசரியாக 30,000 மணி நேரம் தாங்கும் என்றால், நூறு இருக்கும் கூட்டத்தில் 300 மணி நேரத்துக்கொன்று மண்டையைப் போடும். இரண்டு வாரம்கூட இல்லை. இதையும் அவர்களே கணக்குப் போட்டு எழுதிவைத்தார்கள், யோக்கியர்கள். பரிகாரமாக, ஒரு டிஸ்க் செத்தாலும் தரவு தப்பும்படி ரெய்டு 1 முதல் 5 வரை ஐந்து வழிகளையும் சொன்னார்கள்.

அதில் ஐந்தாவது, கணக்காளர் கண்ணில் பட்டுத் தொலைத்தது. எட்டு டிஸ்க் வாங்கினால் ஏழு டிஸ்க் இடம், போனதை மீட்க உதவும் பேரிட்டிக்கு ஒரு டிஸ்க் அளவுதான் செலவு! எல்லாவற்றுக்கும் நகல் வைக்கும் ரெய்டு 10-இல் நாலுதான் மிஞ்சும். மனிதர் அதற்குமேல் கேட்கவில்லை.

டேட்டாபேஸுக்கோ இடம் பெரிதல்ல, விநாடிக்கு எத்தனை தரம் எழுதலாம் என்பதுதான் கவலை. ரெய்டு 5-இல் ஒரு துளியைத் திருத்தப் பழைய தரவைப் படி, பழைய பேரிட்டியைப் படி, புதிய தரவை எழுது, புதிய பேரிட்டியை எழுது. தாலுகா ஆபீஸில் பெயர்த் திருத்தத்துக்குப் போனதுபோல ஒரு காரியத்துக்கு நாலு ஜன்னல். 15,000 ஆர்பிஎம்மில் தலைதெறிக்கச் சுற்றும் டிஸ்க்கே விநாடிக்குச் சுமார் 180 வேலைதான் பார்க்கும். எட்டும் சேர்ந்து 1,440. ரெய்டு 5-இல் அது 360 எழுத்தாகச் சுருங்கும். ரெய்டு 10-இல் 720. கன்ட்ரோலரில் பேட்டரி வைத்த கேஷ் கொஞ்சநேரம் மானத்தைக் காப்பாற்றும், அது நிரம்பும்வரை.

நொந்துபோன, ஆரக்கிள் டேட்டாபேஸைக் கட்டி மேய்க்கும் டிபிஏக்கள் ரெய்டு 5-ஐ எதிர்த்து இயக்கமே தொடங்கினார்கள். ஜேம்ஸ் மோர்லும் டென்மார்க்கின் மோகன்ஸ் நோர்கார்டும் அதற்கு வைத்த பெயர் பார்ஃப். உரக்கச் சொன்னால் வாந்தியெடுப்பது போலிருக்கும், தெரிந்தேதான் வைத்திருப்பார்கள்.

பிறகு எஸ்எஸ்டி வந்தது. சுற்றத் தட்டும் இல்லை, தேட ஊசியும் இல்லை. ஒன்றே விநாடிக்குப் பல்லாயிரம் வேலை பார்த்தது. டிபிஏக்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். விலைப்பட்டியலைப் புரட்டிய கணக்காளர், இவ்வளவு வேகத்தில் ரெய்டு 5 போட்டால்தான் என்ன என்றார். எரிச்சல் என்னவென்றால், இந்த முறை பல இடங்களில் அவர் சொன்னது சரியாகவே இருந்தது.