டிசி வாங்காமல் பன்னிரண்டு வருஷம்: உதியன்குளங்கரைப் பெற்றோருக்கு ஒரு கையேடு

தமிழ்நாட்டு எல்லைக்குப் பக்கத்தில், கேரளத்து உதியன்குளங்கரையில் குடியிருந்துகொண்டு பிள்ளையை ஒன்றாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை ஒரே பள்ளியில் படிக்கவைக்க ஆசைப்படுகிறீர்களா? நல்ல ஆசை. முதலில் அப்படியொரு பள்ளி பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். கேரளத்தில் எல்.பி. என்றால் நான்காம் வகுப்போடு சரி. யு.பி. ஐந்து முதல் ஏழு. ஹைஸ்கூல் எட்டு முதல் பத்து. அதற்குமேல் பிளஸ் ஒன், பிளஸ் டூ. நான்கும் ஒரே மதிலுக்குள் இருக்கிற பள்ளி உங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்தால் நீங்கள் புண்ணியம் செய்தவர், இதற்குமேல் படிக்க வேண்டாம். இல்லையென்றால் உங்கள் பிள்ளை எந்தத் தப்பும் செய்யாமலே மூன்று முறை டிசி வாங்கும்.

எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குப் போனால் தப்பிக்கலாம் என்று சிலர் களியக்காவிளை பஸ் ஏறுகிறார்கள். அங்கே தொடக்கப் பள்ளி ஐந்தாம் வகுப்பு வரை, நடுநிலைப் பள்ளி எட்டு வரை. இங்கே நான்காம் வகுப்பை முடித்த பிள்ளையை அங்கே கொண்டுபோய் ஐந்தாம் வகுப்பில் சேர்த்துப் பாருங்கள். சீருடை தைத்து வருவதற்குள் ஐந்து முடிந்துவிடும், மறுபடியும் டிசி. இரண்டு அரசாங்கங்களும் கலந்து பேசிச் செய்ததுபோல அத்தனை கச்சிதம். ஆனால் பேசியிருக்க மாட்டார்கள்.

அடுத்தது, மே மாதத்தைக் கடப்பது எப்படி என்பது. வெயில் தாழ்ந்ததும் டீச்சர்கள் இரண்டு பேர் குடையோடு வருவார்கள். "அக்கா, மக்களை நம்ம ஸ்கூளிலே விடணும், கேட்டீங்களா?" என்பார்கள். புத்தகப் பை தருவோம், வேன் வாசலுக்கே வரும் என்பார்கள். பிள்ளையின் கன்னத்தைத் தடவுவார்கள். உங்கள் பிள்ளையின் அறிவு ஊரெல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். பள்ளி திறந்து ஆறாவது வேலைநாளில் அவர்கள் பள்ளியில் தலை எண்ணுவார்கள். அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் அந்த வருஷத்துக்கு எத்தனை டிவிஷன், எத்தனை ஆசிரியர் பணியிடம் என்று தீர்மானிப்பார்கள். பிள்ளைகள் குறைந்தால் டிவிஷன் போகும், டிவிஷன் போனால் ஒரு டீச்சருக்கு வேலை ஆடும். அதாவது உங்கள் பிள்ளை பள்ளி மாறுவதும் மாறாமல் இருப்பதும் ஒரு குடும்பத்தின் மாதச் சம்பளம். டீச்சருக்கு மோர் கொடுங்கள், மரியாதையாகப் பேசுங்கள், பாவம் அவர்கள் வெயிலில் வந்திருக்கிறார்கள். முடிவை மட்டும் ஜூன் மாதத்தில் சொல்கிறேன் என்று சொல்லுங்கள். ஆறாவது வேலைநாள் வரை இந்த ஊரில் உங்களைவிட மதிப்பான ஆள் கிடையாது. ஏழாவது நாள் அதே டீச்சர் உங்களை அடையாளம் கண்டுகொண்டால் அது அவருடைய நல்ல குணம்.

கல்யாண வீடுகளில் இந்த விஷயத்தைப் பேசும்போது கையில் ஆராய்ச்சி வைத்துக்கொள்வது நல்லது. ஜான் ஹாட்டி என்கிற கல்வி ஆய்வாளர் 2009இல் வெளியிட்ட புத்தகத்தில், பிள்ளைகளின் படிப்பைப் பாதிக்கிற 138 காரணிகளை வரிசைப்படுத்தினார். பட்டியலின் கடைசியில், 138ஆவது இடத்தில் நிற்பது ஊர் மாறிப் பள்ளி மாறுவது. அதற்கு ஒரு படி மேலே, 137ஆவது இடத்தில், தொலைக்காட்சி. ஆகவே பள்ளியை மாற்றுவதைவிட டிவியைப் போட்டுவிடுவது மேல் என்று சித்தப்பாவிடம் துணிந்து வாதாடலாம். அவர் விவரமானவராக இருந்தால் ஒன்று கேட்பார்: "பள்ளி மாறினதாலே படிப்பு போச்சா, இல்ல, அப்பன் வேலை போய், வாடகை குடுக்க முடியாம வீடு மாறினதாலே போச்சா?" அந்தக் கேள்விக்குப் பட்டியலில் பதில் இல்லை. பேச்சைப் பாயசத்துக்குத் திருப்பிவிடுங்கள்.

வீடு மாறாத பிள்ளைகளைப் பற்றியும் ஆராய்ச்சி உண்டு. நமக்கு அதுதான் வேண்டியது. நியூயார்க் நகரத்தில் சில பள்ளிகள் எட்டாம் வகுப்பு வரை போகும். சில பள்ளிகள் இடையில் முடிந்து, பிள்ளைகள் நடுநிலைப் பள்ளி என்று வேறு கட்டடத்துக்குப் போக வேண்டும். ராக்காஃப், லாக்வுட் என்கிற இருவர் 2010இல் கணக்குப் பார்த்தார்கள். அப்படி மாறிய பிள்ளைகளின் மதிப்பெண், மாறாமல் இருந்தவர்களைவிடக் கீழே இறங்கியது. ஃபுளோரிடாவிலும் பிறகு இதே கதை. அங்கே பிள்ளையை இடம் மாற்றியது அப்பனின் கஷ்டமல்ல, பள்ளிக்கூடத்தின் அமைப்பு. நம் எல்.பி., யு.பி. படிக்கட்டை யாராவது இப்படி அளந்து பார்த்தால் தேவலை.

மேதைகளை உதாரணம் காட்டுவதில் கவனம் தேவை. கணித மேதை இராமானுஜன் சின்ன வயதில் காஞ்சிபுரம், கும்பகோணம், சென்னை என்று பள்ளி மாறிக்கொண்டே இருந்தார். சென்னைப் பள்ளி பிடிக்காமல் போய், அவரைப் பள்ளிக்கு அனுப்ப ஒரு போலீஸ்காரரையே ஏற்பாடு செய்ய வேண்டியதாயிற்று. பிறகு கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் சேர்ந்து 1904 வரை அங்கேயே படித்தார். அவரை மாற்றுகிறவர்களும் காட்டலாம், மாற்றாதவர்களும் காட்டலாம். உங்கள் பிள்ளைக்கும் போலீஸ்காரர் தேவைப்பட்டால் பாதி வேலை முடிந்தது.

இனி, ஒரே பள்ளியில் இருந்துவிட்டால் என்ன கிடைக்கும் என்பது. பிள்ளைக்கு எந்த மாதம் இளைப்பு வரும் என்று தெரிந்த டீச்சர் கிடைப்பார். அப்பன் வேலை வளைகுடாவிலா ரப்பர்த் தோட்டத்திலா என்று யாரும் கேட்க மாட்டார்கள். மதியச் சோற்றில் பங்குக்கு நிற்கிற சிநேகிதன் பத்தாம் வகுப்பிலும் நிற்பான். இதெல்லாம் சின்ன விஷயமல்ல. ஆனால் இதே பள்ளியில் இரண்டாம் வகுப்பில் விழுந்த பட்டப்பெயரும் பத்தாம் வகுப்பு வரை கூடவே வரும். வாய்ப்பாடு ஒருநாள் மறந்துபோன பெண், கணக்கு வராத பெண்ணாகவே எட்டு வருஷம் உட்கார்ந்திருப்பாள். அவள் அண்ணன் அங்கே முன்னால் படித்தவன் என்றால் இன்னும் மோசம். "உன் அண்ணன் எப்படிப் படிச்சான் தெரியுமா?" என்று ஒவ்வொரு சாரும் வருஷந்தோறும் புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்வார். அவளுக்கு ஒரு டிசி மருந்தாகக்கூட இருக்கலாம். அதைத் தீர்மானிக்க அவளிடம் கேட்க வேண்டும். இந்த முறையை நம் பக்கத்தில் யாரும் அதிகம் முயன்றதில்லை.

மாற்றியே தீர வேண்டும் என்றால் மொழியைப் பாருங்கள். இதில் வேடிக்கை கிடையாது. தமிழ்நாட்டில் 2006ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றாம் வகுப்பிலிருந்து வருஷத்துக்கு ஒரு வகுப்பாகத் தமிழைக் கட்டாயமாக்கி, 2015-16இல் பத்தாம் வகுப்பை எட்டியது. கேரளத்தில் 2017ஆம் ஆண்டுச் சட்டம் மலையாளத்தைக் கட்டாயமாக்கியது. மலையாளத்தில் எட்டு வரை படித்த பிள்ளையை ஒன்பதாம் வகுப்பில் மார்த்தாண்டம் பக்கம் கொண்டுபோனால், வீட்டில் தமிழ் பேசுகிற பிள்ளையாக இருந்தாலும் ளகரமும் ழகரமும் அதற்குத் தாளில் புதிது. மாற்றுவதென்றால் எழுத்துக் கூட்டிப் படிக்கிற வயதிலேயே மாற்றுங்கள்.

மாறலாமா, இருக்கலாமா என்கிற கேள்விக்கு அரசாங்கங்கள் தங்கள் வழியில் பதில் சொல்லியிருக்கின்றன. கேரளத்தில் பிளஸ் ஒன்னுக்கு ஏகஜாலகம் என்கிற ஒற்றைச் சாளர முறையில் விண்ணப்பித்தால், அதே பள்ளியில் பத்தாம் வகுப்பு படித்த பிள்ளைக்கு 2 போனஸ் புள்ளி. பத்து வருஷ விசுவாசத்துக்கு அதுதான் இங்கே விலை. அதே பஞ்சாயத்தில் குடியிருந்தாலே 2 புள்ளி உண்டு என்பதால் விசுவாசமும் வீட்டு வரி ரசீதும் சமம். தமிழ்நாட்டில் 2020 முதல், ஆறு தொடங்கி பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இடம். அங்கே எத்தனை அரசுப் பள்ளி மாறினாலும் கவலையில்லை, முதலாளி மாறக் கூடாது.

இந்த வட்டாரத்தில் பிள்ளைகளைப் பள்ளி மாற்றாமலே வைத்திருந்ததில் சாதனை 1956க்குத்தான். அந்த நவம்பர் 1ஆம் தேதி விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீசுவரம் தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நம் நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றுவிட்டது. எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் அதே பெஞ்சில் உட்கார்ந்தபடியே மாநிலம் மாறினார்கள். ஒரு டிசி எழுதவில்லை.

கடைசியாக, டிசி கேட்கப் போகிறவர்களுக்கு. எட்டாம் வகுப்பு வரைக்கும் கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 5 உங்கள் பக்கம் இருக்கிறது. ஒரு பள்ளியிலிருந்து மாநிலத்துக்கு உள்ளேயோ வெளியேயோ வேறு அரசுப் பள்ளிக்கு அல்லது உதவி பெறும் பள்ளிக்கு மாறப் பிள்ளைக்கு உரிமை உண்டு. தலைமையாசிரியர் சான்றிதழை உடனே தர வேண்டும். அது வரத் தாமதமானது என்று புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கக் கூடாது, தள்ளிப்போடவும் கூடாது. பிரிவு எண்ணை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.