26-வது கிலோ

சைக்கிள் கடையில் மட்டும் சாமான் குறையக் குறைய விலை ஏறும். கேரியர், மட்கார்டு, செயின் கவர், ஸ்டாண்டு, பெல் எல்லாம் வைத்த கறுப்பு சைக்கிளுக்கு ஒரு விலை. அத்தனையையும் கழற்றிவிட்டுக் கியர் மட்டும் வைத்தால் அதைப்போல் மூன்று மடங்கு. என்னுடையது இரண்டாவது வகை. சுவரில் சாய்த்துத்தான் நிறுத்த வேண்டும். சாய்ந்து நின்றாலும் கம்பீரம் குறையாது.

அந்தக் கம்பீரத்தில் கறிவேப்பிலை வைக்க இடமில்லை என்று கண்டுபிடித்தவள் என் மனைவி. "ஏங்க, இவ்வளவு காசு கொடுத்தோமே, பின்னாடி ஒரு தேங்காய் வைக்க வழி இருக்கா?"

நியாயமான கேள்விதான். கேரியருக்காகத்தான் நம் ஊரில் சைக்கிளே வாங்கினார்கள். பால்கேன், இளநீர்க் குலை, ஐஸ் பெட்டி, டபுள்ஸ் வரும் மைத்துனன் எல்லாம் அதன் மேல்தான். பழைய கேரியரின் கால்களைப் பின்சக்கர அச்சிலேயே மாட்டி நட்டுப் போட்டு இறுக்கியிருப்பார்கள். எத்தனை கிலோ தாங்கும் என்று எங்கும் எழுதியிருக்காது. எழுதியிருந்தால் மட்டும் மைத்துனன் இறங்கிவிடுவானா?

இப்போதைய கேரியருக்கு ஜாதகப் பொருத்தம் பார்க்க வேண்டியிருக்கிறது. அச்சுக்குப் பக்கத்தில் போல்ட் துளை உண்டா? சீட்டுக்குக் கீழே உண்டா? டிஸ்க் பிரேக் எங்கே உட்கார்ந்திருக்கிறது? துளையே இல்லாத சைக்கிள்களுக்கு, சீட் கம்பியை மட்டும் கவ்விக்கொண்டு அந்தரத்தில் நீட்டி நிற்கும் ஒரு வகை உண்டு. அதில் 10 கிலோ ஏற்றுவதே பெரிய விஷயம். பள்ளத்தில் குலுங்கினால் சாமானோடு பக்கவாட்டில் திரும்பி வேடிக்கை பார்க்கும். நல்லவேளை, என் சைக்கிளில் துளைகள் இருந்தன. 25 கிலோ தாங்கும் அலுமினியக் கேரியர் வந்து சேர்ந்தது.

அதன் இடது கால் இறங்க வேண்டிய இடத்தில் டிஸ்க் பிரேக் குடியிருந்தது. காலி செய்யும் உத்தேசம் அதற்கு இல்லை. தெருமுனை சைக்கிள் கடைக்காரர் பழைய நட்டு டப்பாவைக் கிளறினார். "நீள போல்ட் போட்டு, நடுவுல ஒரு புஷ் கொடுத்தா கால் தள்ளி நிக்கும் சார்." நின்றது. எல்லா போல்ட்டையும் லூசாக மாட்டி, மட்டம் பார்த்து, கடைசியில்தான் இறுக்கினார். பிறகு சோதனைக்காக அவரே ஏறி உட்கார்ந்தார். அவருடைய எடை நிச்சயமாக 25 கிலோ இல்லை. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். "ஒரு வாரம் ஓட்டிட்டு வாங்க, திரும்ப ஒரு தடவை டைட் பண்ணணும்" என்றபடி இறங்கினார்.

முதல் சுமை அரிசி மூட்டைதான் என்று வீட்டில் தீர்மானமாயிற்று. கேரியர் 25 கிலோ, சிப்பம் 25 கிலோ. கணக்கு கச்சிதம்.

கடைக்குப் போனால் மூட்டையில் 26 கிலோ என்று அச்சிட்டிருந்தது. 2022 ஜூலையில், 25 கிலோ வரை பையில் அடைத்து லேபிள் ஒட்டி விற்கும் அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது. ஆலைக்காரர்கள் ஒரு கிலோ கூட்டிக் கட்டி, வரியைத் தாண்டிவிட்டார்கள். அவர்களுக்கு 25-க்கு மேல் போனால்தான் லாபம். என் கேரியருக்கோ 25-க்கு மேல் போனால் ஆபத்து.

மனைவிக்குப் போன் செய்தேன். "இதுக்கு ஒரு போனா? மூட்டையைப் பிரிச்சு, ஒரு கிலோவைத் தனிப்பையில போட்டு ஹேண்டில்ல மாட்டிக்கிட்டு வாங்க" என்றாள்.

கத்தரிக்கோல் கேட்டேன். கடைக்காரர் பதறிப்போய் வாசலைக் காட்டினார். "இங்க பிரிச்சா 25 கிலோ ஆயிடும் சார், வரி கேட்பாங்க. ரோட்டுல போய்ப் பிரிங்க!"