பெரியப்பா பதில்கள்: டோவரில் ஏன் லாரி நிற்கிறது?

கே: பிரெக்ஸிட் என்று ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வந்த பிரிட்டன், 'வரியே கிடையாது' என்று அவர்களோடு ஒப்பந்தம் போட்டதே பெரியப்பா! அப்புறம் எல்லைத் துறைமுகமான டோவரில் லாரி ஏன் நிற்கிறது?
(லாரி உரிமையாளர், நாமக்கல்)

ப: வரிதான் பூஜ்யம். ஃபாரமும் பூஜ்யம் என்று யார் சொன்னது? 2020 கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் பேசி முடித்த அந்த ஒப்பந்தத்தில் வரிவிலக்கு வேண்டுமென்றால், 'இந்தச் சரக்கு எங்கள் ஊரில் செய்ததுதான்' என்று எழுதித் தர வேண்டும். அதுபோக சுங்க டிக்ளரேஷன், பாதுகாப்பு டிக்ளரேஷன். கறி, மீன், பால் என்றால் கால்நடை மருத்துவர் சான்றிதழ். வரதட்சணை வேண்டாம் என்று பெருந்தன்மையாகச் சொன்ன சம்பந்தி, மறுநாள் சீர்வரிசை லிஸ்ட் அனுப்புவாரே, அந்த வகை.

கே: 1993-க்கு முன்பும் அங்கே சுங்கச் சோதனை இருந்தது. அப்போது சமாளிக்கவில்லையா?
(ஓய்வுபெற்ற சுங்க அலுவலர், சென்னை)

ப: சமாளித்துச் சலித்துத்தானே ஒழித்தார்கள்? 1993 ஜனவரி 1 முதல் ஐரோப்பாவில் எல்லைச் சோதனையில்லாத ஒற்றைச் சந்தை. அதற்காக 1988-லேயே மேடையேறி முழங்கியவர் அன்றைய பிரிட்டன் பிரதமர் மார்கரெட் தாட்சர். கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்ததும் அந்த அம்மையாரின் கட்சிதான். தலைவர் படத்தை மாட்டிவைத்துவிட்டுப் பேச்சை மறப்பதில் நம் கட்சிகளுக்குக் கொஞ்சமும் சளைத்தவர்கள் அல்ல.

கே: டிரைவர் கட்டிக்கொண்டு போன சாப்பாட்டைக்கூடப் பிடுங்கினார்களாமே?
(இல்லத்தரசி, கும்பகோணம்)

ப: டி.வி. கேமரா முன்னாலேயே பிடுங்கினார்கள். 2021 ஜனவரி, ஹாலந்தின் ஹூக் ஆஃப் ஹாலந்து துறைமுகம். ஃபாயில் சுற்றிய ஹாம் சாண்ட்விச். 'கறியை எடுத்துக்கொள்ளுங்கள், ரொட்டியையாவது விடுங்கள்' என்று கெஞ்சினார் டிரைவர். 'பிரெக்ஸிட்டுக்கு நல்வரவு' என்று சொல்லி முழுசையும் வாங்கிவைத்தார் அலுவலர். வெளிநாட்டு இறைச்சியும் பாலும் உள்ளே வரக்கூடாது, அவ்வளவுதான் சட்டம். புளியோதரை தப்பியிருக்கும். தயிர்சாதம் மாட்டியிருக்கும்.

கே: கையெழுத்தின் மை நிறம் சரியில்லை என்றால் சான்றிதழே செல்லாதாம். கட்டுக்கதைதானே?
(கால்நடை மருத்துவ மாணவி, நாமக்கல்)

ப: சான்றிதழின் குறிப்பிலேயே இருக்கிறது தாயே: கையெழுத்தின் நிறம், அச்சின் நிறத்திலிருந்து வேறுபட வேண்டும். நீங்கள் கறுப்புப் பேனாவை எடுத்தால் மாட்டிறைச்சி மாட்டிக்கொள்ளும். மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் கடைத்தொடரின் தலைவர் ஆர்ச்சி நார்மன் புலம்பியதைக் கேளுங்கள்: அயர்லாந்துக்குப் போகும் ஒரு லாரிக்கு 700 பக்கம் காகிதம், தயாரிக்க 8 மணி நேரம், விலங்கின் பெயர் சில இடங்களில் லத்தீனில். கோழி உயிரோடு இருந்தவரை அதற்கே தெரியாத பெயர்!

கே: சரக்கு அடுக்கும் மரப்பலகைக்கும் சோதனையா?
(மரக்கடைக்காரர், செங்கோட்டை)

ப: ஆமாம். பூச்சி சாகும்படி 56 டிகிரியில் 30 நிமிடம் வாட்டி முத்திரை குத்த வேண்டும். சென்னை அக்னி நட்சத்திரத்துக்கு இன்னும் அந்தத் தகுதி வரவில்லை.

கே: எல்லாம் ஐரோப்பாக்காரன் கெடுபிடிதான். பிரிட்டனுக்குள் வரும் லாரிக்கு இந்தத் தொல்லை இல்லையே?
(பிரெக்ஸிட் ஆதரவாளர், ஈஸ்ட்ஹாம், லண்டன்)

ப: வாருங்கள், உங்களுக்காகத்தான் இலை போட்டு வைத்திருக்கிறேன். 2021 ஜனவரி 1 காலையிலேயே ஐரோப்பா சோதனையைத் தொடங்கிவிட்டது. பிரிட்டனோ தன் பக்கத்து உணவுச் சோதனையை ஐந்து முறை தள்ளிப்போட்டது. வெளியேறு, வெளியேறு என்று தொண்டை வறளப் பேசிய மந்திரி ஜேக்கப் ரீஸ்-மாக்தான், 2022 ஏப்ரலில், சோதனை போடுவது நம்மை நாமே காயப்படுத்திக்கொள்வது என்றார். எல்லையைத் திரும்ப வாங்கினார்கள். வாங்கியதைப் பெட்டியிலிருந்து எடுக்கவே பயம்.

ஒருவழியாக 2024 ஏப்ரல் 30-ல் பெட்டியைத் திறந்து சோதனை ஆரம்பித்தார்கள். எங்கே? டோவரில் ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் கடல், நிறுத்த இடமில்லை. அதனால் 35 கி.மீ. உள்ளே, செவிங்டனில். சரக்கின் மேல் சந்தேகம் வந்தால் டிரைவரே அந்த 35 கி.மீ. ஓட்டிப்போய், 'ஐயா, என்னைச் சோதியுங்கள்' என்று நிற்க வேண்டும். நேர்மையின் மேல் அந்த தேசத்துக்கு இருக்கும் நம்பிக்கை மெய்சிலிர்க்க வைக்கிறது.

போர்ட்ஸ்மவுத்தில் சுமார் 2.5 கோடி பவுண்டில் ஒரு சோதனைக்கூடம் எழுப்பினார்கள். அதற்குள் விதியை மாற்றிவிட்டதால் தேவைக்கு மிஞ்சிப்போய், இடிக்கலாமா என்று துறைமுகமே யோசித்தது. எல்லை ஏற்பாடுகளுக்கு மொத்தச் செலவு 470 கோடி பவுண்டு ஆகும் என்று 2024 மே மாதம் அவர்கள் தணிக்கைத் துறை கணக்குச் சொன்னது. 2025 மே மாதம் என்ன செய்தார்கள்? இந்த உணவுச் சோதனைகளில் பெரும்பாலானதை எடுத்துவிட ஐரோப்பாவோடு கொள்கையளவில் ஒத்துக்கொண்டார்கள். சாப்பிட்டாயிற்றா? இலையை மடித்துவிடுங்கள்.

கே: முன்கூட்டியே ஒத்திகை பார்த்திருக்கலாமே?
(போக்குவரத்துக் காவலர், திருச்சி)

ப: பார்த்தார்களே! 2019 ஜனவரியில் மேன்ஸ்டன் பழைய விமானதளத்திலிருந்து டோவருக்கு 89 லாரிகளை ஓட்டிப் பார்த்தார்கள். டோவரில் அன்றாடம் புழங்குவது ஆயிரக்கணக்கில். நெரிசலே இல்லை; ஒத்திகை மாபெரும் வெற்றி.

கே: சொந்த நாட்டுக்குள்ளேயே லாரிக்குப் பெர்மிட் கேட்டார்களாமே?
(பி.காம். மாணவர், விருதுநகர்)

ப: ஆமாம், டோவர் இருக்கும் கென்ட் மாவட்டத்துக்குள் நுழைய. ஐரோப்பா போகும் 7.5 டன்னுக்கு மேற்பட்ட லாரி, காகிதம் ரெடி என்று காட்டிப் பெர்மிட் வாங்க வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் 300 பவுண்டு அபராதம். 2021 ஏப்ரலில் எடுத்துவிட்டார்கள். ஓர் எல்லை கேட்டவர்களுக்கு நான்கு மாதம் இரண்டாகக் கிடைத்தது.

கே: கப்பலே இல்லாத கம்பெனிக்குக் கப்பல் கான்ட்ராக்ட் கொடுத்தார்களாம். நம்ம ஊரா, அவங்க ஊரா?
(கிளியரிங் ஏஜெண்ட், தூத்துக்குடி)

ப: பெருமூச்சு விடுங்கள், அவங்க ஊர்தான். கம்பெனி பெயர் சீபோர்ன் ஃப்ரைட், மந்திரி கிறிஸ் கிரேலிங், தொகை 1.38 கோடி பவுண்டு. வலைத்தளத்தில் போட்டிருந்த நிபந்தனைகள் சாப்பாடு டெலிவரி கடைக்கு எழுதியவை போல இருந்தன. 2019 பிப்ரவரியில் ரத்து. நயா பைசா கைமாறவில்லை. ஆனால் இந்தக் கப்பல் கான்ட்ராக்டுகளை ரகசியமாகக் கொடுத்தது தப்பு என்று கடலடிச் சுரங்க ரயில் கம்பெனி யூரோடனல் கோர்ட்டுக்குப் போக, சமரசத்துக்கு 3.3 கோடி பவுண்டு கொடுத்தார்கள். கப்பல் ஓடாமலே நஷ்டம் காட்டுவது தனித்திறமை.

கே: எங்கள் வாளையாறு செக்போஸ்ட் கியூவைவிடவா டோவர் பெரிது?
(டீக்கடைக்காரர், கோவை)

ப: ஜி.எஸ்.டி. வந்ததும் 2017-ல் நாம் வணிகவரி செக்போஸ்ட்டுகளை எடுத்தோம். 2021-ல் அவர்கள் வைத்தார்கள். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பழைய தடுப்புக் கட்டையைப் பாதி விலைக்குக் கொடுத்திருப்போம்.

கே: மகன் பெல்ஃபாஸ்ட்டில் படிக்கிறான். பால் பாக்கெட்டில் 'ஐரோப்பாவுக்கு அல்ல' என்று போட்டிருக்கிறதாம். பயமாக இருக்கிறது.
(ஒரு தாய், காரைக்குடி)

ப: தாராளமாகக் குடிக்கச் சொல்லுங்கள். பெல்ஃபாஸ்ட் இருக்கும் வட அயர்லாந்து பிரிட்டனைச் சேர்ந்தது. ஆனால் சரக்குக்குப் பல ஐரோப்பிய விதிகள் செல்லும். 2023 பிப்ரவரி வின்ட்சர் ஏற்பாட்டின்படி, அங்கேயே விற்கும் சரக்குக்குப் பச்சைப் பாதை, தெற்கே அயர்லாந்துக் குடியரசுக்குப் போகக்கூடியதற்குச் சிவப்புப் பாதை. லேபிள் அதற்காகத்தான். எல்லை எங்கே என்பது பால் பாக்கெட்டுக்குத் தெரிந்திருக்கிறது, அரசியல்வாதிகளுக்குத்தான் இன்னும் சண்டை.

கே: இதனால் நமக்கு ஏதாவது லாபம் உண்டா?
(பனியன் கம்பெனி கணக்காளர், திருப்பூர்)

ப: உண்டு. தனியே வந்ததால்தான் பிரிட்டன் 2025 ஜூலை 24-ல் இந்தியாவோடு தனி வர்த்தக ஒப்பந்தம் போட முடிந்தது. டாக்கா பனியன் வரியில்லாமல் லண்டன் போனபோது உங்களுடையது வரி கட்டிக்கொண்டு போனது. அந்த வரியை எடுக்கத்தான் இந்த ஒப்பந்தம். கொண்டாடுங்கள், ஆனால் மெதுவாக. லண்டன்காரர் காதில் விழுந்தால் மனசு கஷ்டப்படும்.

கே: டோவர் இவ்வளவு முக்கியம் என்று மந்திரிகளுக்கு முன்பே தெரியாதா?
(ஆறாம் வகுப்பு ஆசிரியை, தஞ்சாவூர்)

ப: டோவரிலிருந்து பிரான்ஸின் கலேவுக்குப் போகும் வழியை நாடு எவ்வளவு நம்பியிருக்கிறது என்பதைத் தான் முழுசாக உணர்ந்திருக்கவில்லை என்று 2018 நவம்பரில் ஒருவர் ஒப்புக்கொண்டார். பெயர் டொமினிக் ராப். பதவி, பிரெக்ஸிட் மந்திரி. ஒரே வாரத்தில் ராஜினாமா செய்தார். காரணம் வேறாம்.