நட்டப்படக் கற்றுக்கொள்வோம்

செல்போன் ஆப்பில் லாரி ஓட்டி, கம்பெனியை விற்று, முதலீட்டாளராக உயர்ந்தவர்கள் உதிர்க்கும் பாடங்கள் பொன்னானவை. ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் அவற்றைப் படிக்காமலே பாழாய்ப்போயின.

பாடம் ஒன்று: லாபத்தைப் பார்க்காதே, வளர்ச்சியைப் பார். 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். நூலை நூற்று நூலையே விற்றார்கள். என்ன குறுகிய பார்வை! கனவை விற்றிருக்கலாமே?

பாடம் இரண்டு: டெலிவரியில் புரட்சி செய். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் சூடிய மாலை சித்திரையில் மதுரை அழகருக்கும் புரட்டாசியில் திருப்பதிக்கும் ஆண்டுதோறும் போகிறது. ஆப் இல்லை, கூப்பன் இல்லை, ‘உங்கள் பார்சல் தாமதமாகிறது’ என்ற குறுஞ்செய்திகூட இல்லை. இதற்கு யார் பணம் போடுவார்கள்?

பாடம் மூன்று: மதிப்பை ஏற்று. 2019இல் லாரிச் சரக்கு ஸ்டார்ட்அப்பான ரிவிகோவின் மதிப்பு 100 கோடி டாலரைத் தாண்டியது. 2022இல் அதன் எக்ஸ்பிரஸ் சரக்குத் தொழிலை மகிந்திரா லாஜிஸ்டிக்ஸ் 225 கோடி ரூபாய்க்கு எடுத்துக்கொண்டது. விழுவதற்கும் ஓர் உயரம் வேண்டுமல்லவா? அதே 2019இல் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குக் கிடைத்ததோ வெறும் புவிசார் குறியீடு.

இந்தப் பாடங்களை உதிர்க்கும் முதலீட்டாளர் ஒருவர் நாளை பால்கோவாக் கடைக்கு வந்து, “மாசம் எவ்வளவு எரிக்கிறீங்க?” என்று கேட்டால், “விறகுதானே சார்?” என்பார் கடைக்காரர். முதல் நாளிலிருந்தே லாபம் என்று தெரிந்ததும் வந்தவர் எழுந்துவிடுவார்.

வியாபாரிகளே, இன்றே நட்டப்படத் தொடங்குங்கள். லாபக் கணக்கை வைத்துக்கொண்டு யாரிடம் போய் முதலீடு கேட்பீர்கள்?