எட்டும் மெய்ப்பாடு எட்டும்: பீன்யாவை முன்வைத்து ஒரு நடுக்கவியல் ஆய்வு

ஓட்டுநர் உரிமத் தேர்வில் இடது கால் நடுங்குவது ஏன் என்னும் வினாவைத் தமிழ் ஆய்வுலகம் இன்னும் தீண்டவில்லை. வெண்பாவில் தளை தட்டுவது பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். கிளட்ச்சைச் சட்டென விட்டதும் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி ஆஃப் ஆகிறதே, அதற்கு ஒரு நூற்பா கிடையாது. அந்தக் குறை நீக்க எழுந்ததே இக்கட்டுரை. இதனாற் பயன் யாதோவெனின், பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னிலையில் வண்டி ஆஃப் ஆகாமை என்க.

ஆய்வுக்களம் பீன்யா. பெங்களூரின் வடமேற்கில் தும்கூர் சாலையை ஒட்டி, ஃபர்ஸ்ட் ஸ்டேஜ், செகண்ட் ஸ்டேஜ், ஃபோர்த் ஃபேஸ் என்று பிரிந்து, உள்ளே கிராஸ் கிராஸாகக் கிளைத்துக் கிடக்கும் தொழிற்பேட்டை. லேத், சி.என்.சி., கியர் கட்டிங், பிளேட்டிங், பவுடர் கோட்டிங் என்று ஷெட்டுக்கு ஒரு தொழில். தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கமிருந்து வேலைக்கு வந்து, பிள்ளைகளைக் கன்னட மீடியத்தில் சேர்த்து, இங்கேயே நிலைத்துவிட்ட தமிழர்கள் ஏராளம். இவர்களை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு பிசகினாலும் பீஸை ஸ்கிராப்பில் போடுகிற கைகள் இவை. காலை எட்டரை மணிக்கு ஜாலஹள்ளி கிராஸில் கன்டெய்னர் லாரிக்கும் பி.எம்.டி.சி. பஸ்ஸுக்கும் நடுவே ஒரு முழ இடைவெளியில் பைக்கை நுழைத்துக்கொண்டே, ஹெல்மெட்டுக்குள் செருகிய போனில் வீட்டில் என்ன குழம்பு என்று கேட்கிறவர்களும் இவர்களே.

அப்படி ஒருவரை, கார் லைசென்ஸுக்காக, எதிரே ஒரு வண்டியும் இல்லாத மைதானத்தில், சுண்ணாம்புக் கோட்டுக்கு முன்னால் உட்காரவைத்தால் கால் வெடவெடவென்று ஆடுகிறது. லாரிக்கு நடுங்காத கால் சுண்ணாம்புக்கு நடுங்குகிறது. இதைப் ‘பீன்யா முரண்’ என்று குறித்துக்கொள்வோம். விபத்துப் பயம் என்று விளக்குவார் உளராயின் அது பொருந்தாது. பத்து கிலோமீட்டர் வேகத்தில், முதல் கியரில், காலி மைதானத்தில் விபத்துக்குள்ளாக வேண்டுமானால் அதற்கே தனிப் பயிற்சி வேண்டும்.

இனி முன்னோர் கூற்று. மெய்ப்பாடுகள் எட்டு என்பார் தொல்காப்பியர்: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. இந்த எட்டையும் லைசென்ஸுக்குப் போடுகிற எட்டையும் இதுவரை யாரும் ஒப்பிட்டுப் பார்க்காதது வியப்புக்குரியது. (தும்கூர் சாலையில் தாசரஹள்ளிப் பக்கம் ‘எய்ட்த் மைல்’ என்றே ஓர் இடம் இருக்கிறது. அதையும் சான்றாகக் காட்டலாம்தான். ஆய்வுக்கு என்று ஒரு மானம் உண்டு என்பதால் விடுகிறேன்.) அச்சம் நான்கிலிருந்து பிறக்கும் என்பது அவர் கணக்கு: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. இந்நான்கும் தேர்வு மைதானத்தில் ஒருங்கே அமைந்திருப்பதை இனிக் காண்க.

அணங்காவது, கண்ணுக்குப் புலப்படாமல் நின்று வருத்துவது. மல்லத்தஹள்ளியில் ஞானபாரதி வட்டாரத்துக்கு அமைந்திருப்பது போன்ற தானியங்கித் தேர்வுத் தளங்களில், கோட்டைத் தொட்டாலும் மேட்டில் பின்னால் உருண்டாலும் சென்சார் கண்டுகொள்ளும். கெஞ்சிப் பார்க்க எதிரே ஒரு முகம் கிடையாது. விலங்காவது, பழைய பாணி மைதானத்தில் கோட்டின் குறுக்கே படுத்திருக்கும் நாய். பல பேட்ச் பார்த்த நாய் அது. ஹார்ன் அடித்தால் ஒரு காதை மட்டும் அசைக்கும். கள்வர் என்பதை நான் விரிக்கப் போவதில்லை. ஆபீஸ் வாசலில் ‘டெஸ்ட்டுக்கா சார்?’ என்று தோளில் கைபோடுகிறவர்கள் அனைவரும் நல்லவர்களாகவே இருக்கக்கூடும்.

எஞ்சியது தம் இறை. பக்கத்து சீட்டில் மடியில் அட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர். திட்டினால்கூட மனசு ஆறும். அவர் திட்டுவதில்லை, எழுதுகிறார். வண்டி ஆஃப் ஆனால் எழுதுகிறார். சரி, நன்றாகத்தானே போகிறது என்று நாம் நிமிர்ந்து உட்காரும்போதும் எழுதுகிறார். பேனா மூடியைப் பல்லால் கடித்துக்கொண்டு வலப்பக்கக் கண்ணாடியை ஒருமுறை பார்க்கிறார். எதற்குப் பார்த்தார் என்று யோசிக்கும் அந்த ஒரு நொடியில் கிளட்ச் போய்விடுகிறது.

முதல் மூன்றும் ஜாலஹள்ளி கிராஸிலும் உண்டு. நான்காவது இங்கு மட்டுமே உண்டு. ஆகவே நடுக்கத்தின் காரணம் இறையே என்பது பெற்றாம். அஃதேல், கிராஸில் டிராஃபிக் போலீஸ் இல்லையோ எனின், அவர் பிடித்தால் அபராதம் கேட்பார். ‘உனக்கு வண்டி ஓட்டத் தெரியாது’ என்று கையெழுத்துப் போட்டுத் தரமாட்டார்.

அயலார் ஆய்வுகளும் இதற்கு அரண். 1969இல் அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் சயான்ஸ் தம் சகாக்களோடு கரப்பான்பூச்சிகளை ஓடவிட்டார். வெளிச்சத்திலிருந்து தப்பி இருட்டுக்கு ஓட வேண்டும். அருகே கண்ணாடி போன்ற பெட்டிகளில் வேறு கரப்பான்கள் பார்வையாளராக அமர்ந்திருக்கும். நேர்ப்பாதையில், பார்வையாளர் இருந்தபோது பூச்சிகள் விரைவாக ஓடின. திருப்பம் வைத்த பாதையில், பார்வையாளர் இருந்தபோது தாமதமாயின. நம் மைதானத்துக்கு இதைப் பொருத்துவது எளிது. சுவரில் உட்கார்ந்திருக்கும் மற்ற பேட்ச்காரர்கள் நேராக ஓட்டுகிறவரைக்கும் நண்பர்கள். ரிவர்ஸ் போட்டதும் பகைவர்கள். ‘ரைட் கட் மாடி!’ என்று ஒருவர் கத்துவார். ‘லெஃப்ட்ல ஒடிங்கண்ணா!’ என்று இன்னொருவர். இருவரும் நேற்றுத்தான் எல்.எல்.ஆர். எடுத்தவர்கள்.

அதற்கும் முன்னே, 1908இல், யெர்க்ஸ், டாட்சன் என்னும் இருவர் ஆடும் எலி எனப்படும் ஒரு வகைச் சுண்டெலிக்கு வெள்ளைப் பெட்டி, கறுப்புப் பெட்டி என்று வேறுபடுத்தக் கற்றுக்கொடுத்தனர். தப்பாக நுழைந்தால் மின்னதிர்ச்சி. பாடம் எளிதாக இருந்தால் அதிர்ச்சி கூடக் கூட எலி சீக்கிரம் கற்றது. பாடம் கடினமானபோது நடுத்தர அதிர்ச்சியே நன்றாக வேலை செய்தது; அதற்கு மேல் போனால் எலிக்குப் புத்தி குழம்பியது. எனவே பயமே கூடாது என்று யாகம் செய்ய வேண்டியதில்லை. கொஞ்சம் இருக்கட்டும். துளியும் பயமில்லாமல் வருகிறவர்தான் சீட் பெல்ட்டை மறக்கிறார். ஆனால் வெறும் வயிற்றில் ஒன்றுக்கு மூன்று பை-டூ காபி குடித்துவிட்டு வரிசையில் நிற்பது, எலிக்குக் கொடுத்த அதிர்ச்சியை நமக்கு நாமே கொடுத்துக்கொள்வது. இரண்டு இட்லியே மேல்.

சட்டம் இந்த இடத்தில் ஒரு வேடிக்கை செய்கிறது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 15ஆவது விதி, தேர்வில் செய்து காட்ட வேண்டியவற்றை ஆங்கில எழுத்து வரிசையில் அடுக்குகிறது. பின்பார்வைக் கண்ணாடியைச் சரிசெய்வதில் ஆரம்பம். மேட்டில் நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி கிளம்புவது உண்டு; குறுகிய இடத்தில் ரிவர்ஸ் எடுப்பது உண்டு. நடுவே, ஸ்டியரிங்கைத் தன்னம்பிக்கையோடு பிடிக்க வேண்டும் என்றும் ஒரு பிரிவு. அதாவது, அச்சத்தில் இருப்பவன் பெருமிதத்தை நடித்துக் காட்ட வேண்டும் என்று இந்திய அரசு விதித்திருக்கிறது. பெருமிதம் பிறக்கும் இடமும் நான்கு என்பார் தொல்காப்பியர்: கல்வி, தறுகண், புகழ், கொடை. தறுகண் ஒரே இரவில் வராது. புகழ் லைசென்ஸ் வந்த பிறகு. கொடையை ஆபீஸ் வாசலில் சிலர் பரிந்துரைப்பர், அது குற்றம். மிஞ்சுவது கல்வி ஒன்றே. ஆகவே பயிற்சி.

பயிற்சிக்குப் பீன்யாவில் ஏற்ற நாள் ஞாயிறு. ஷெட்டெல்லாம் பூட்டியிருக்கும். டி.வி.எஸ். கிராஸ் தாண்டி உள்ளே போனால், ஓரத்தில் நிறுத்திய லாரிகளையும் அவற்றின் நிழலில் தூங்கும் கிளீனரையும் தவிர ஆள் கிடையாது. எல் போர்டு வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்துகொண்டிருக்கும். அப்படியோர் ஞாயிறு நான் பின்சீட்டில் களப்பணியில் இருந்தேன். ஓட்டியவர் என் நண்பர், பாலக்கோட்டுக்காரர், போரிங் வேலையில் கைதேர்ந்தவர். சொல்லிக்கொடுத்தவர் ஓசூர்ப் பையன்.

“அண்ணா, கால அந்தரத்துல தொங்கவிடாதீங்க. குதிகால் தரையில ஊனி இருக்கட்டும். பாதத்த மட்டும் மேல விடுங்க.”

நண்பர் காலை ஊன்றினார். ஆட்டம் அப்போதே பாதியாகக் குறைந்தது. சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: “ஓவர்ஹேங் ஜாஸ்தி ஆயிட்டுதுன்னு முதல்லயே சொல்லியிருக்கலாம்ல தம்பி.”

இந்த ஆய்வின் மையக் கண்டுபிடிப்பு இதுவே, பெருமை நண்பருக்கு. போரிங் பார் ஹோல்டரை விட்டு எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறதோ அவ்வளவுக்கு அது அதிரும். பீஸில் அலை அலையாகச் சாட்டர் விழும். நீட்டலைப் பாதியாகக் குறைத்தால் விறைப்பு இருமடங்கு ஆகாது, எட்டு மடங்கு ஆகும், ஏனென்றால் கணக்கு நீளத்தின் கனத்தில் போகிறது. (மறுபடியும் எட்டு. நான் எதுவும் சொல்லவில்லை.) இடுப்பிலிருந்து முழுக்காலும் அந்தரத்தில் நிற்கும்போது கிளட்ச் மேல் இருப்பது இரண்டடிக்கு மேல் நீண்ட போரிங் பார். குதிகால் ஊன்றினால் மிஞ்சுவது ஒரு பாதம். சீட்டை முன்னே இழுத்துக்கொண்டால்தான் இது முடியும். ஆகவே ஏறியதும் முதல் வேலை சீட், அடுத்தது கண்ணாடி, பிறகு பெல்ட்.

ஓசூர்ப் பையனிடமிருந்து இன்னொன்றும் கிடைத்தது. ஸ்கூல் காரில் அவர் பக்கமும் கிளட்ச், பிரேக் உண்டு. நாம்தான் ஓட்டுகிறோம் என்று மாணவர் நினைத்துக்கொண்டிருந்ததில் பாதி அவர் கால் ஓட்டியது. தேர்வன்று அந்தக் கால் இருக்காது. ‘கிளாஸ்ல நல்லாத்தான் ஓட்டினேன், அங்க போய்த்தான் ஆஃப் ஆயிருச்சு’ என்ற உலகளாவிய புலம்பலின் வேர் இங்கே இருக்கிறது. கடைசி இரண்டு கிளாஸில், அவசரத்துக்கன்றிப் பெடலைத் தொட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். தேர்வுக்கும் அதே காரை எடுத்துப் போங்கள். ஒவ்வொரு காரிலும் கிளட்ச் பிடிக்கும் இடம் வேறு. எஞ்சின் சத்தம் சற்றே தணிந்து, பானெட் லேசாக நிமிர்கிறதா, அங்கேதான் பிடித்திருக்கிறது. மேட்டில் அதைப் பார்த்த பிறகு ஹேண்ட் பிரேக்கை இறக்குங்கள். முன்னதாக இறக்கினால் பின்னால் நிற்பவர் அலறுவார். பைக்கில் எட்டுப் போடுகிறவர்களுக்குச் சுருக்கமாக: முன் பிரேக்கைத் தொடாதீர்கள், முன் சக்கரத்தைக் குனிந்து பார்க்காதீர்கள், அடுத்த திருப்பத்தைப் பாருங்கள். பார்க்கிற பக்கம்தான் வண்டி போகும்.

தேர்வுக்கு அஞ்சுவது மனிதர் மட்டுமோ எனின், பீன்யாவில் பாலமும் தேர்வுக்கு நின்றது. கொரகுண்டெபாளையாவிலிருந்து நாகசந்திராப் பக்கம் போகும் மேம்பாலத்தில் இழுவிசைக் கேபிள்களில் பழுது கண்டு 2021 டிசம்பரில் மூடினார்கள். 2022 பிப்ரவரியில் கார், பைக் மட்டும் போகவிட்டார்கள். 2024 ஜனவரியில் சுமை ஏற்றிய லாரிகளைக் கொண்டுவந்து மேலே நிறுத்தி அளவெடுத்தார்கள். அவ்வாண்டு ஜூலையில் கனரக வண்டிகளுக்கும் அனுமதி கிடைத்தது, வெள்ளிக்கிழமை நீங்கலாக. இம்மாதிரிச் சுமைத் தேர்வில் பாலம் கொஞ்சம் தாழ்ந்தால் ஃபெயில் போடுவதில்லை. சுமையை இறக்கிய பிறகு எவ்வளவு மேலே திரும்பி வருகிறது என்று பார்க்கிறார்கள். வண்டி ஆஃப் ஆனவர் இதை நினைவில் கொள்க. ஆஃப் ஆவதால் கெடுவது கொஞ்சம். பதறி, கியரில் இருக்கும்போதே, கிளட்ச்சை மிதிக்காமல் சாவியைத் திருப்புகிறார் பாருங்கள், வண்டி தவளை மாதிரி ஒரு குதி குதிக்கிறதே, கெடுவது அங்கே. கிளட்ச், நியூட்ரல், ஒரு நீண்ட மூச்சு, பிறகு சாவி. ஒவ்வொன்றையும் வாய்விட்டே சொல்லலாம். வாய்க்கு வேலை கொடுத்தால் மனசு காலை மேற்பார்வை செய்யப் போகாது. இன்ஸ்பெக்டருக்கும் நாம் என்ன செய்கிறோம் என்று தெரிந்துவிடும்.

தோற்றால் என்ன? சட்டப்படி ஏழு நாள் கழித்து மறுபடி வரலாம். மூன்று முறை தோற்றால் 60 நாள் பொறுக்க வேண்டும். தென் கொரியாவில் சா சா-சூன் என்ற மூதாட்டி, காய்கறி விற்றவர், எழுத்துத் தேர்வை மட்டும் 950ஆவது முறையில் தாண்டி, மொத்தம் 960 முயற்சியில் 2010இல் லைசென்ஸ் வாங்கினார். நம் கணக்கை அவருக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்று மூன்று முறையாகப் பிரித்து, இடையே ஏழு நாள், கடைசியில் 60 நாள் என்று கூட்டினால், 960 முயற்சிக்கு ஏறத்தாழ 65 ஆண்டு. அவர் தொடங்கியதே 60 வயது தாண்டிய பிறகு. கொரிய அரசின் தாராளத்தைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை.

நண்பருக்கு அவ்வளவு நாள் ஆகவில்லை. முதல் முறை ரிவர்ஸில் ஆஃப் ஆகி, சுவரிலிருந்து வந்த ஆலோசனைகளை எல்லாம் ஒரே நேரத்தில் நிறைவேற்றப் பார்த்துக் கம்பத்தை இடித்தார். அடுத்த முறை ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். 15ஆவது விதியின் கடைசிப் பிரிவு, சாலையில் மற்றவர்களிடம் பரிவும் மரியாதையும் காட்ட வேண்டும் என்கிறது. காலி மைதானத்தில் அதை யாரிடம் காட்டுவது? கோட்டின் மேல் அந்த நாய் படுத்திருந்தது. இவர் கண்ணாடி பார்த்தார், இண்டிகேட்டர் போட்டார், வேகத்தைக் குறைத்தார், நாயைச் சுற்றி அரைவட்டம் அடித்து மறுபடி இண்டிகேட்டர் போட்டுக் கோட்டுக்கு வந்தார். சுண்ணாம்பு முழுக்க டயருக்கு அடியில். இன்ஸ்பெக்டர் பேனா மூடியை வாயிலிருந்து எடுத்துவிட்டு முதன்முறையாகப் பேசினார்.

“நாய் எல்லாருக்கும் எந்திரிக்காது. பாஸ், இறங்குங்க.”