ஸ்டெப்னி இல்லாத சீமான்

மாப்ள, சோறு ஆறிப்போறதுகூடத் தெரியாம போனை நோண்டிக்கிட்டே கெடக்கறயாமா? உங்கம்மா, அதான் என்ற தங்கச்சி, வந்து ஒரு பாட்டம் அழுதுட்டுப் போறா. என்னாச்சுன்னு கேட்டா, காருக்கு டயரு பாக்கறயாம். பொண்ணு பாக்கப் போனப்பக்கூட நீ இத்தன ரோசன பண்ணலயேடா! ஒரு வாய் காப்பியக் குடிச்சுப்போட்டு "சரி"ன்னு தலையாட்டிட்டு வந்தவன், நாலு டயருக்கு இந்த முழி முழிக்கற.

சங்ககிரியில லாரி வெச்சு, டயருக்கும் டீசலுக்கும் சம்பாரிச்சே கெழவனானவன் நான். நான் சொல்றதக் கேட்டா கேளு, கேக்காட்டிப் போ. சொல்றது என்ற சோலி.

மொதல்ல உன்ற வண்டி. பனியன் கம்பெனி லாபத்துல வாங்குன செகப்பு பிஎம்டபிள்யூ இசட்4. மூணு லிட்டர் இஞ்சினு, 306 குதிரை. அத்தன குதிரை இழுத்தும் ஏறறது ரெண்டே பேரு. பட்டனை அமுக்குனா தகரக் கூரை மடிஞ்சு பின்னால போயிப் படுத்துக்குது. கூரை மேல இருந்தா டிக்கியில 310 லிட்டர் எடம், மடிஞ்சு உள்ள வந்துட்டா 180தான். தேங்காப்பழத் தட்டும் உன்ற ஊட்டுக்காரி பையும் வெச்சா கதவு சாத்தறதே பாடு. இதுக்குள்ள ஸ்டெப்னிய எங்கிட்டு வெப்பான்? ஜெர்மனிக்காரன் பாத்தான், ஸ்டெப்னிய எடுத்துப்போட்டு, பஞ்சரானாலும் ஓடற டயரை மாட்டி அனுப்பிட்டான். ஜாக்கியும் கெடையாது, ஸ்பேனரும் கெடையாது. நீயும் கெடைச்சா மட்டும் எடுத்துத் திருப்பிருவயாக்கும்!

ரன்-ஃப்ளாட்டுங்கறது மாயமந்திரம் இல்ல. சாதா டயருல பாரத்தைத் தாங்கறது ரப்பரு இல்ல, உள்ள இருக்கற காத்து. காத்து போனா டயரோட பக்கச் சுவரு, அதான் சைடுவால், மடங்கி, ரிம்மு தரையில ஒக்காந்துக்கும். ரன்-ஃப்ளாட்டுல அந்தச் சைடுவாலுக்குள்ள சூடு தாங்கற கெட்டி ரப்பரை வெச்சு ஒரப்பாக்கி இருக்கான். காத்து மொத்தமாப் போனாலும் அதுவே முட்டுக்குடுத்து நிக்கும். எம்மட்டுன்னு கேட்டா, பொதுவா 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல போகாம, 80 கிலோமீட்டர் தூரம். பாரம் எச்சா இருந்தாலும், வெயிலு மண்டையப் பொளந்தாலும் அந்தத் தூரம் கொறையும். தூரத்தைக்கூட நீ சமாளிச்சுருவ. 80க்கு மேல போகாம இருக்கோணுமே, அங்கதான் உனக்கு வலிக்கும்.

இதையும் புதுசுன்னு நெனச்சு மீசைய முறுக்காத. 1970கள்லயே டன்லப்புக்காரன் டெனோவோன்னு ஒண்ணு கொண்டாந்தான். 1986ல போர்ஷே 959ல காத்துப் போன டயரோட ஓடற ஏற்பாடு இருந்துது. 1997ல அமெரிக்காவுல கார்வெட்டு வண்டி ஸ்டெப்னி இல்லாமயே கடைக்கு வந்துது. அவனூர்ல வெசையாப் போற ரோட்டோரத்துல நின்னு டயரு கழட்டறது உசுருக்கு ஆபத்து. நம்மூரு ரோட்டோரத்துலயும் உசுரு உசுருதான். ஆனா இங்க டீக்கடைக்கு டீக்கடை ஒரு பஞ்சர் கடையும் இருக்குது பாரு, அந்த வசதி அவனுக்கு இல்ல.

இதுல ஒரு சூது இருக்குது. சாதா டயருல காத்து எறங்குனா வண்டி ஒருபக்கமா இழுக்கும், ஸ்டியரிங்கு சொல்லிரும். இந்த டயருல சைடுவால் வெறைப்பா நிக்கறதால ஓட்டறவனுக்குத் தெரியவே தெரியாது. அதனாலதான் காத்துக் கொறைஞ்சா எரியற மஞ்ச லைட்டு இல்லாம இந்த டயரை மாட்டவே கூடாதுன்னு கம்பெனிக்காரன் சொல்றான். உன்ற வண்டியில அந்த லைட்டு எரிஞ்சப்ப நீ என்ன பண்ணுன? அது மேல ஒரு புள்ளையார் ஸ்டிக்கரை ஒட்டுன. புள்ளையாரு என்ன ஏர் செக்கா பண்ணுவாரு? காத்தில்லாம எம்மட்டுத் தூரம் ஓடுச்சுன்னே தெரியாத டயரை ஒட்டு போட்டு மறுக்கா ஓட்டப்படாது. கழட்டுனா உள்ளாற கறுப்புப் பொடி கொட்டும், சைடுவால் அரைபட்ட பொடி. வெளிய பாத்தா மணப்பொண்ணாட்டம் பளபளன்னு இருக்கும். பெரும்பாலான கம்பெனிக்காரன் அதைத் தூக்கிப் போடத்தான் சொல்றான்.

இப்ப கடைக்குப் போவோம். நீ போயி நின்ன ஒடனே கடைக்காரன் உன்ற வாச்சைப் பாப்பான், அதுக்கப்பறம் சாவியப் பாப்பான், கடைசியாத்தான் டயரைப் பாப்பான். அவன் வாயத் தொறக்கறதுக்குள்ள நீ குனிஞ்சு சைடுவால்ல இருக்கற எழுத்தப் படி. உன்ற 18 இஞ்சு வீலுக்கு முன்னால 225/40 ஆர் 18, பின்னால 255/35 ஆர் 18. மொத எண்ணு மில்லிமீட்டர்ல அகலம். அடுத்தது, அந்த அகலத்துல நூத்துக்கு எத்தன பங்கு ஒசரம்ங்கறது. கணக்குப் போட்டுப் பாரு, முன்னாலயும் பின்னாலயும் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவால 9 சென்டிமீட்டர் ரப்பருதான். அரைச் சாண்கூட வராது. இதுல உன்ற சேக்காளி 19 இஞ்சு வீலு போட்டா கெத்தா இருக்கும்னு ஏத்தி உடறானாமா? அதுக்கு முன்னால 35, பின்னால 30. அப்பறம் ஒவ்வொரு குழியிலயும் ரிம்மே எறங்கிப் பாத்துட்டு வரும்.

ரன்-ஃப்ளாட்டுக்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பேரு வெச்சிருக்கறான். பிரிட்ஜ்ஸ்டோன்ல ஆர்எஃப்டி, மிஷலின்ல இசட்பி, கான்டினென்டல்ல எஸ்எஸ்ஆர், குட்இயர்ல ஆர்ஓஎஃப். பிஎம்டபிள்யூக்காரனே பாத்து ஒத்துக்கிட்ட டயருன்னா பக்கத்துல சின்னதா ஒரு நட்சத்திரம் இருக்கும். இங்கதான் ஏமாறுவ. அதே பேரு, ரோட்டுல படற எடத்துல அதே பட்டன், அதே சைசு. ஒண்ணு ரன்-ஃப்ளாட்டு, இன்னொண்ணு சாதா. மிஷலின் பைலட் ஸ்போர்ட் 4 ரெண்டு விதமாவும் வருது. "அதே டயருதானுங்க, வெலை கம்மிங்க"ன்னு கடைக்காரன் பல்லக் காட்டுனா, நீயும் பல்லக் காட்டிட்டு அந்த எழுத்தத் தேடு.

முன் டயருல 88டபிள்யூன்னு ஒண்ணு போட்டிருக்கும். 88ன்னா ஒரு டயரு 560 கிலோ தாங்கும். டபிள்யூன்னா 270 கிலோமீட்டர் வேகம். அவினாசி ரோட்டுல 270ல போயி யார பாக்கப் போற? இருந்தாலும் அதுக்குக் கொறைச்சலா வாங்காத. வண்டிக்காரன் புஸ்தகத்துல எழுதுனதுக்குக் கீழ எறங்குனா, நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா இன்சூரன்சுக்காரன் பொழுதன்னிக்கும் கேள்வி கேப்பான்.

இதுக்கெல்லாம் மேல ஒண்ணு இருக்குது, தேதி. டிஓடின்னு எழுதி, வரிசைக் கடைசியில முட்டைக் கட்டத்துக்குள்ள நாலு எண்ணு. 2324ன்னா 2024ஆம் வருசத்துல 23ஆவது வாரம் செஞ்சது. ஒரு பக்கச் சைடுவால்ல இருக்கும், இன்னொரு பக்கம் இருக்காது. கடைக்காரன் இல்லாத பக்கத்தத்தான் உனக்குத் திருப்பி வெப்பான். 2020 சூன் மாசம் கவர்மெண்டு டயரு எறக்குமதிக்கு லைசென்சு வேணும்னு கடிவாளம் போட்டுது. ஐஎஸ்ஐ முத்திரையும் இருந்தாகோணும். அதனால உன்ற மாதிரி சீமான் வண்டிக்கு வர்ற சைசு கெடைக்கறதே கொஞ்சம், கெடைக்கறதுலயும் குடோன்ல தூங்குனது இருக்கும். உனக்கோ வண்டி மாசத்துக்கு ரெண்டு தடவ வெளிய வந்தா எச்சு. மிச்ச நாளெல்லாம் போர்வை போத்திக்கிட்டு ஷெட்டுல நிக்குது. உன்ற டயரு ஓடித் தேயாது மாப்ள, நின்னே கெழடாயிரும். அஞ்சு வருசமாகியும் பட்டன் புதுசாட்டம் இருக்குதுன்னு நீ பெருமை பேசற, ரப்பரு வெறச்சு வெடிப்பு உட்டுருக்குது. மழையில பிரேக்கு போட்டாத் தெரியும். அதனால கம்பெனிப் பேரப் பாக்கறதுக்கு முன்னால தேதியப் பாரு.

தேயலன்னு சொன்னேனே, அதுலயும் ஒரு வில்லங்கம். வேட்டி அழுக்கானாலும் பரவால்லன்னு மண்டிபோட்டு, பின் டயரோட உள்விளிம்பக் கைவுட்டுத் தடவிப் பாரு. இந்த வண்டியில பின் வீலு மேல்பக்கம் உள்ள சாஞ்சு நிக்கும். வளைவுல புடிச்சு நிக்கோணும்னு அப்பிடி வெச்சிருக்கறான். வெளிய பட்டன் ஜம்முனு இருக்கும், உள்விளிம்பு மொட்டையாயிருக்கும். அலைன்மென்டு பாக்காம புது டயரு மாட்டுனா அதுவும் அதே கதிதான். பட்டன் ஒசரம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழ போனா சட்டப்படியே அந்த டயரு ரோட்டுக்கு ஆகாது. மழைக்கு அதுக்கு நெம்ப முன்னாடியே ஆகாது.

"அப்பறம் எதுக்கு மாமா ரன்-ஃப்ளாட்டு? சாதாவே போட்டுக்கறனே, குலுங்காம போகுமாமா"ங்கற. குலுங்காது, நெசந்தான். ரன்-ஃப்ளாட்டு சைடுவால் வெறைப்பு. குழியில உழுந்தா அடியத் தான் வாங்காம ரிம்முக்கும் உன்ற இடுப்புக்கும் அனுப்பிரும். கனமும் எச்சு, வெலையும் எச்சு. பிஎம்டபிள்யூக்காரனே அவனோட எம்3, எம்5 மாதிரிப் பந்தயச் சாதிக்கு இதை மாட்டறதில்ல. உன்ற இசட்4க்கு அடுத்து 2018ல வந்த இசட்4லயும் சாதா டயருதான். நீ சாதாவுக்கு மாறுனா யாரும் உன்னச் சாதிய உட்டுத் தள்ளி வெக்க மாட்டாங்க. உன்ற ரிம்முலயும் ஒக்காரும். ஆனா டிக்கியில காத்தடிக்கற சின்ன மோட்டாரும், ஓட்டையடைக்கற பசையும் வெச்சுக்கோணும். ஆணி குத்துன ஓட்டைக்குப் பசை போதும். குழியில உழுந்து சைடுவால் கிழிஞ்சா, பசையவே குடம் குடமா ஊத்துனாலும் காத்து நிக்காது. அப்பறம் வண்டியத் தூக்கிக்கிட்டுப் போற லாரிக்காரனுக்குத்தான் போன் போடோணும். அவன் வர்றதுக்குள்ள உன்ற ஊட்டுக்காரி உன்னப் பேசற பேச்சுக்கு ரன்-ஃப்ளாட்டு வெலை கம்மின்னு தோணிரும்.

எதுன்னாலும் சரி, ஒட்டுக்கா நாலும் ஒரே மாதிரி இருக்கோணும். முன்னால ரன்-ஃப்ளாட்டு, பின்னால சாதான்னு கலந்து மாட்டறது, காங்கேயங் காளையையும் எருமையையும் ஒரே நொகத்துல பூட்டுன மாதிரி. நேரா போறப்பத் தெரியாது. வால்பாறை வளைவுல வெடுக்குன்னு ஒடிக்கறப்ப ரெண்டும் ரெண்டு பக்கம் இழுக்கும். முன்னதும் பின்னதும் வேற வேற அகலம், மாத்தி மாட்டித் தேய்மானத்தைச் சமப்படுத்தவும் முடியாது. லாரியில பண்ணுன மாதிரி பின்னதைக் கழட்டி முன்னால போடறேன், ரீட்ரெட்டு பண்றேன்னு என்ற புத்தியெல்லாம் இங்க காட்டாத.

மாட்டறது ஒரு கலை. இந்தச் சைடுவால் வெறைப்புக்குக் கடப்பாரை போட்டு நெம்பற கடை ஒத்து வராது. ரெண்டு பக்கமும் கை வெச்சு அமுக்கற மிசினு இருக்கற கடையாப் பாரு. அதுல மாட்டறப்ப பக்கத்துலயே நில்லு, போனைப் பாக்காத. வீலுக்குள்ள காத்தளக்கற சென்சாரு இருக்கற வண்டின்னா, ஒரு நெம்புல அதுவும் ஒடஞ்சு போயிரும். முடிஞ்சதும் அந்த மஞ்ச லைட்டை வண்டியிலயே ரீசெட் பண்ணச் சொல்லு. புள்ளையாரை மரியாதையா வேற எடத்துக்கு மாத்திரு. "நைட்ரஜன் அடிக்கட்டுங்களா"ன்னு கேப்பான். கேளு, நீயும் நானும் இழுக்கற காத்துல நூத்துக்கு 78 பங்கு நைட்ரஜன்தான். மிச்ச 22க்கு அவன் தனியாக் காசு கேக்கறான். நிசான் ஜிடி-ஆர் மாதிரி வண்டிக்கு அதையே அடிக்கச் சொல்றாங்க, இருக்கட்டும். உனக்கு வாரத்துக்கு ஒருக்கா பிரஷர் பாக்கற புத்தி இருந்தா வெறுங்காத்தே போதும்.

சரி, முடிவா ஒண்ணு சொல்றன். தனியா ஓட்டறவன், மண்டிபோடத் தெரிஞ்சவன், டவுனுக்குள்ளயே சுத்தறவன்னா சாதா டயரு, காத்தடிக்கற மோட்டாரு, அத்தோட உட்டுரு. உனக்கு அது ஆகாது. ராத்திரி பத்து மணிக்குக் கூரையத் தொறந்துக்கிட்டுப் பொண்டாட்டியோட வால்பாறை எறங்கற ஆளு நீ. மேலயிருந்து பொள்ளாச்சி வர 65 கிலோமீட்டர் சொச்சம், நடுவால 40 கொண்டையூசி வளைவு, ஆனை குறுக்க வர்ற காடு. அங்க நீ எறங்கிப் பசை ஊத்தறதுக்கு ஆனை டார்ச்சு புடிக்காது. மெதுவா உருட்டிக்கிட்டே வந்தா, அந்த 80க்குள்ள பொள்ளாச்சி வந்துரும். அதனால ரன்-ஃப்ளாட்டே வாங்கு, 18லயே வாங்கு, நாலும் வாங்கு. குலுங்குதுன்னா குழியில மெதுவாப் போ.

பணங் கட்டறதுக்கு முன்னாடி நாலு டயருலயும் இருக்கற தேதிய போட்டோ புடிச்சு எனக்கு அனுப்பு. ஒரு வருசத்துக்கு மேல பழசா இருந்தா, போனைக் கடைக்காரன்கிட்டக் குடு. மிச்சத்த நான் பேசிக்கறன்.