குலுக்கிக் குடிக்கவும்

எங்கள் ஊர் டாக்டர் எல்.ஐ.எம். படித்தவர். சித்தா, ஆயுர்வேதம், யுனானியோடு இங்கிலீஷ் வைத்தியத்தையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்த பழைய மெட்ராஸ் படிப்பு அது. அவரிடம் போனால் சூரணம் கிடைக்குமா, ஊசி கிடைக்குமா என்பது அன்றைக்கு அலமாரியில் எது மிச்சம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது என்பார் அப்பா. ஆனாலும் 1970களில் எங்கள் தெருவின் உடம்புகளை உண்மையில் ஆண்டு வந்தவர் கம்பவுண்டர்தான்.

டாக்டர் நாக்கை நீட்டச் சொல்வார், கீழ் இமையை இழுத்துப் பார்ப்பார், வயிற்றில் இரண்டு தட்டு தட்டுவார், துண்டுச் சீட்டில் ஏதோ கிறுக்கி உள்ளே அனுப்புவார். வைத்தியம் அதற்குப் பிறகுதான் ஆரம்பம். மரத்தடுப்பில் ஒரு சின்ன ஜன்னல். வீட்டிலிருந்து கழுவிக் கொண்டுபோன பாட்டிலை அதற்குள் நீட்ட வேண்டும். கம்பவுண்டர் பெரிய ஜாடிகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்து, தண்ணீர் விட்டு நிரப்புவார். வெள்ளைத் தாளை நீளவாக்கில் கிழித்து, ஓரத்தைக் கத்தரியால் பல் பல்லாக வெட்டி, பசை தடவி, பாட்டிலின் முதுகில் ஒட்டுவார். ஒரு பல், ஒரு வேளை. வயிற்றுக்கான மிக்ஸ்சர் ரோஸ் நிறத்தில் தித்திக்கும். அதற்காகவே வயிற்றுவலி வந்த பையன்கள் எங்கள் வகுப்பில் உண்டு. “நல்லாக் குலுக்கிக் குடிக்கணும், என்னா?” என்பதோடு ஆலோசனை முடிந்தது. பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் டாக்டரைச் சந்தேகப்படுவதாக ஆகிவிடும்.

ஊசி வேறு விஷயம். ஸ்பிரிட் விளக்கின் மேல் எவர்சில்வர் டப்பாவில் கண்ணாடி சிரிஞ்சும் ஊசியும் கொதிக்கிற சத்தம் கேட்டாலே பாதிக் காய்ச்சல் இறங்கிவிடும். ஊசி போடாமல் அனுப்பினால் பெரியவர்களுக்குத் தாங்காது. “ஒரு ஊசி போட்டு விடுங்களேன் டாக்டர்” என்று கொடுத்த காசுக்குக் கணக்குக் கேட்பார்கள்.

இன்றைக்கு டாக்டர் சீட்டை எழுதி முடிப்பதற்குள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மருமகள் கைப்பேசியில் அந்த மாத்திரையின் பக்கவிளைவுகளை எல்லாம் படித்து முடித்துவிடுகிறாள். டாக்டர் சொன்னதில் பாதியை நம்புகிறோம், திரை சொன்னதில் முக்கால்வாசியை. சளிக் காய்ச்சல் பெரும்பாலும் வைரஸால் வருவது, ஆன்டிபயாட்டிக் அதை ஒன்றும் செய்யாது என்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே மெடிக்கல் ஷாப்பில் போய், “போன தடவை குடுத்தீங்களே, அந்த மூணு மாத்திரை” என்று அசித்ரோமைசினை வாங்கி வருகிறோம். ஊசிக்குப் பதில் ஸ்ட்ரிப். ஏமாற்றம் மட்டும் அதேதான்: எதுவும் எழுதாமல், “தண்ணி நிறையக் குடிங்க, தானா சரியாயிடும்” என்கிற டாக்டரிடம் மறுமுறை யார் போகிறார்கள்?

வீட்டு வைத்தியத்துக்கு அதிகாரி அப்பாயி. சின்னம்மை போட்டால் வாசலில் வேப்பிலை தொங்கும். வெளியாள் உள்ளே வரக்கூடாது, வீட்டுப் பிள்ளை வெளியே போகக்கூடாது. தாளிக்கிற வாசனை வரக்கூடாது. இளநீர், கூழ், மோர். கொப்புளமெல்லாம் காய்ந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற வரைக்கும் இந்தச் சட்டம் தளராது. எல்லாம் ஆத்தாளுக்குப் பயந்துதான். வேரிசெல்லா என்ற வைரஸை அப்பாயி கேள்விப்பட்டதில்லை. ஆனால் கொப்புளங்கள் பொருக்குத் தட்டும்வரை மற்றவர்களுக்குத் தொற்றும், அதுவரை தனியே இருக்கட்டும் என்றுதான் இன்றைக்கு மருத்துவமும் சொல்கிறது. இப்போது தடுப்பூசி இருக்கிறது. கொப்புளம் கிளம்பிய 24 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் கடுமையைக் குறைக்கிற மாத்திரையும் இருக்கிறது. இல்லாதது வேப்பிலைதான். “நாளைக்கு மாடல் எக்ஸாம், ஃபுல் ஹேண்ட் சட்டை போட்டு அனுப்பிடலாம்” என்று ஒரு தாய் சொன்னதை என் காதால் கேட்டேன். அன்றைக்குக் காரணம் தப்பு, காரியம் சரி. இன்றைக்குக் காரணம் எல்லாருக்கும் மனப்பாடம்.

அதற்காக அப்பாயிக்குக் கோயில் கட்ட வேண்டியதில்லை. குழந்தைக்கு வயிற்றால் போனால் அவர் போட்ட உத்தரவு, “தண்ணி காட்டாதே, இன்னும் போவும்” என்பது. காரணமும் தப்பு, காரியமும் தப்பு. அந்த உத்தரவு எத்தனை வீட்டுத் தொட்டில்களைக் காலி செய்தது என்பதற்கு யாரிடமும் கணக்கு இல்லை. 1971-இல் வங்கதேசப் போரின்போது, எல்லையோரத்துப் போன்காவ் அகதிகள் முகாமில் காலரா. ஏற்ற சலைன் தீர்ந்துபோனது. அங்கே இருந்த டாக்டர் திலீப் மஹலநபீஸ் உப்பும் குளுக்கோஸும் சோடா உப்பும் தண்ணீரில் கரைத்துப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளிகளின் சொந்தக்காரர்களையே மொண்டு ஊட்டச் சொன்னார். 100-க்கு 30 பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு 4-க்கும் கீழே இறங்கியது. ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீர், தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு: இதற்கு மேல் அந்த மருந்தில் ரகசியம் எதுவும் கிடையாது. பொட்டலம் வாங்குவதே நல்லது, அளவு பிசகாது. இன்று என் பேரனுக்கு வயிற்றுப்போக்கு என்றால் வீட்டில் முதலில் வருவது கலர் கலரான டெட்ரா பாக்கெட் பானம். சர்க்கரை ஏகத்துக்கு இருக்கும், உப்பு பேருக்கு இருக்கும். வயிற்றுப்போக்கை அது கூட்டத்தான் செய்யும். ஆனால் பாக்கெட்டின் மேல் ஓடுகிற பையன் படம் போட்டிருக்கிறதே.

காய்ச்சலுக்கு அன்றைக்கு ரொட்டி. பிரெட் என்பதே நோயாளிக்கான உணவு. யார் வீட்டுக்காவது பிரெட் பாக்கெட் போனால், “யாருக்கு உடம்பு சரியில்லே?” என்று தெரு விசாரிக்கும். இன்று காய்ச்சல் என்றாலே டெங்குவா என்ற கேள்விதான். மூன்றாம் நாளிலிருந்து குடும்பமே பிளேட்லெட் எண்ணிக்கையைக் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரிக் கேட்டுக்கொண்டிருக்கும். ஒரு லட்சத்துக்குக் கீழே போனால் பப்பாளி இலைச் சாறு, அமெரிக்காவிலிருந்து போன். காய்ச்சல் விட்டதும், “ஸ்கோர் ஏறிடும்” என்று பையைக் கட்டுவார்கள். டெங்குவில் பயப்பட வேண்டியதே காய்ச்சல் விடுகிற அந்த ஓரிரண்டு நாட்களுக்குத்தான். ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிகிற நேரம் அது. விடாத வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், சிறுநீர் குறைவது, பிள்ளை துவண்டு கிடப்பது, இதையெல்லாம் பார்க்க வேண்டும். பாராசிட்டமால் தவிர வேறு வலிமாத்திரை கூடாது. எங்கள் அபார்ட்மென்ட் வாசலில் சங்கச் செயலாளர் வருஷா வருஷம் நிலவேம்புக் குடிநீர் கொடுக்கிறார். அவர் வீட்டு ஜன்னலில் மணி பிளான்ட் வைத்த பாட்டில். அதன் தெளிந்த தண்ணீரில் கொசுப்புழுக்கள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கின்றன. ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை பிடிக்காது. நல்ல தண்ணீரும் பகல் வெளிச்சமும் வேண்டும்.

இனி சர்க்கரை. அந்தக் காலத்தில் அது மிராசுதார் வியாதி. எங்கள் தெருவில் ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது, அவரும் அதைக் கொஞ்சம் பெருமையாகத்தான் வைத்திருந்தார். கொல்லைப்புறத்தில் எறும்பு மொய்த்துக் கண்டுபிடித்தது என்று சொல்வார்கள். தினமும் காலையில் அவர் வீட்டுத் திண்ணையோரம் கணக்குப்பிள்ளை ஒரு சோதனைக் குழாயும் ஸ்பிரிட் விளக்குமாக உட்காருவார். குழாயில் நீலமாகப் பெனடிக்ட் கரைசல். அதில் எசமானின் சிறுநீர் எட்டுச் சொட்டு. கொதிக்க வைப்பார். பள்ளிக்கூடம் போகிற வழியில் நாங்கள் நின்று பார்ப்போம். நீலமாகவே நின்றால் வீட்டில் அன்று அமைதி. பச்சை என்றால் முணுமுணுப்பு. மஞ்சள் என்றால் சமையல்காரருக்குத் திட்டு. செங்கல் நிறத்துக்குப் போய்விட்டால் கணக்குப்பிள்ளைக்கே திட்டு. ரத்தத்தில் சர்க்கரை சுமார் 180-ஐத் தாண்டினால்தான் சிறுநீரில் இறங்கும் என்பதால், நீலம் வந்த நாளிலும் எசமான் உள்ளுக்குள் தித்தித்துக்கொண்டுதான் இருந்திருப்பார். சென்னை ஸ்டான்லியில் டாக்டர் எம். விஸ்வநாதன் 1948-லேயே சர்க்கரை நோய்க்கென்று தனிப் பிரிவைத் தொடங்கிவிட்டார். எங்கள் ஊரில் அதற்கு வெகுகாலம் பிறகும் கணக்குப்பிள்ளைதான் லேப்.

இப்போது அது மிராசுதார்களை விட்டு ஊருக்குப் பொதுவாகிவிட்டது. சென்னை ஆய்வாளர்கள் தலைமையில் 2023-இல் வெளியான தேசிய ஆய்வு, நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் என்றது. இன்னும் 13 கோடிக்கு மேல் அதன் வாசற்படியில் நிற்கிறார்கள். பூங்கா பெஞ்சில் சம்பளத்தைக் கேட்டால் கோபித்துக்கொள்கிறவர்கள், “உங்களுக்கு ஏ1சி எவ்வளவு?” என்றால் உற்சாகமாகச் சொல்கிறார்கள். 5.7-க்குக் கீழே இருந்தால் சந்தேகமாகப் பார்க்கிறார்கள், லேப் சரியில்லையோ என்று. 6.5-ஐத் தொட்டால் சங்கத்தில் உறுப்பினர். முன்பெல்லாம் டெஸ்டுக்கு இரண்டு நாள் முன்னதாக இனிப்பை நிறுத்தி டாக்டரை ஏமாற்றலாம். மூன்று மாதச் சராசரியைக் காட்டிக்கொடுக்கிற இந்தப் பரிசோதனை வந்து அந்த வசதியும் போயிற்று. அதனால் இப்போது தங்களையே ஏமாற்றிக்கொள்கிறார்கள். வெல்லம் சர்க்கரை இல்லையாம். பனங்கற்கண்டு மருந்தாம். வரகரிசிச் சாதமாக இருந்தால் இரண்டு தட்டு சாப்பிடலாமாம்.

வாசற்படியில் நிற்கிறவர்களுக்காகச் சென்னையிலேயே டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு ஓர் ஆய்வு நடத்தி 2006-இல் வெளியிட்டது. சாப்பாட்டைத் திருத்தி, நடக்கவும் வைத்ததில் நோய் வருவது 28.5 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரையில் 26.4. இரண்டையும் சேர்த்துக் கொடுத்ததில் கூடுதலாக எதுவும் கிடைக்கவில்லை. எங்கள் அப்பா சைக்கிள்கூட இல்லாமல் வயலுக்கும் வீட்டுக்கும் நடந்தார், அரை வயிற்றுக்குச் சாப்பிட்டார். அதற்கு அன்று வறுமை என்று பெயர். இன்று அதையே ஒரு டயட்டீஷியன் கட்டணம் வாங்கிக்கொண்டு தாளில் எழுதித் தருகிறார். தாள் எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தில் தொங்குகிறது. கதவைத் திறக்கும்போது அது கண்ணில் படாது.

பாதத்தைத்தான் யாரும் பார்ப்பதில்லை. சர்க்கரை நரம்பை மழுக்கிவிட்டால் கல் குத்தினாலும் தெரியாது, சூடும் தெரியாது. சித்திரை மதியத்தில் கோயில் பிராகாரத்துக் கருங்கல்லில் வெறுங்காலோடு மெதுவாக வலம் வருகிறார் ஒருவர். பக்தி என்று நினைக்கிறோம். வீட்டுக்கு வந்து பார்த்தால் உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். தினம் ஒரு தடவை காலை மடக்கிப் பார்ப்பது, வருஷத்துக்கு ஒரு தடவை விழித்திரையையும் சிறுநீரில் புரதத்தையும் பார்ப்பது என்பதெல்லாம் எந்தப் பூங்கா பெஞ்சிலும் பேச்சில் வருவதில்லை.

ரத்தக் கொதிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், அதுவும் சத்தமில்லாமல் வருவதுதான். அன்று கோபக்காரர்களுக்கு வருவது என்று நம்பினோம். ஆகவே கோபத்தைக் குறைக்கச் சொன்னார்கள், ஊறுகாயை யாரும் குறைக்கவில்லை. இன்று வீட்டுக்கு வீடு மெஷின் இருக்கிறது. மனைவியோடு சண்டை போட்ட கையோடு பட்டையைச் சுற்றிப் பார்க்கிறார்கள், நம்பர் ஏறியிருந்தால் சாட்சியாக வைத்துக்கொள்ளலாம். மாத்திரை சாப்பிட்டு நம்பர் இறங்கிவிட்டால், “நார்மல் ஆயிடுச்சு, நிறுத்திட்டேன்.” மாத்திரை சாப்பிடுவதால்தான் நார்மல் என்று சொன்னால், “கெமிக்கல் கிட்னியைக் கெடுத்துடும்” என்கிறார்கள். கட்டுப்படாத கொதிப்புதான் கிட்னியைக் கெடுக்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. ஊரில் என் அத்தை அதைப் பிஸ்கட் டப்பாவில் பத்திரப்படுத்தி, தலைவலிக்கிற நாளில் மட்டும் ஒன்று போட்டுக்கொள்கிறார்.

பெரியப்பா வாயுவால் இறந்தார். அப்படித்தான் எங்கள் வீட்டில் சொன்னார்கள். விடியற்காலை. நெஞ்சில் அம்மிக்கல்லை வைத்ததுபோல் இருக்கிறது என்றார். சட்டை நனைகிற வியர்வை, இடது கை மரத்துப்போகிறது, தாடை வலிக்கிறது. ஓமத்தண்ணீர் கொடுத்தார்கள், பெருங்காயம் கரைத்துக் கொடுத்தார்கள், கோலி சோடாவுக்கு ஆள் ஓடியது. வாடகைக் காரைக் கண்டுபிடித்துக் கிளம்பும்போது வெயில் ஏறிவிட்டது, பாதி வழியிலேயே திரும்பினார்கள். முந்தின ராத்திரி உருளைக்கிழங்கு சாப்பிட்டார் என்பது பெரியம்மாவின் வாக்குமூலம். எங்கள் குடும்பத்தில் அந்தக் கிழங்கு அதற்குப் பிறகு பல வருஷம் சமைக்கப்படவில்லை.

இப்போது அப்படி நடக்குமா? தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் 2008-லிருந்தே ஓடுகிறது. அடைத்த குழாயை எவ்வளவு சீக்கிரம் திறக்கிறோமோ அவ்வளவு இதயத் தசை பிழைக்கும் என்பது எங்கள் நடைப்பயிற்சிக் குழுவில் எல்லாரும் ஒப்பிக்கிற பாடம். சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் வெறும் வியர்வையும் மூச்சிறைப்புமாக வரலாம் என்பதைப் பற்றி அந்தக் குழுவில் வீடியோவே அனுப்பியவர் எங்கள் நண்பர், ஓய்வுபெற்ற தாசில்தார். கையில் காலடி எண்ணுகிற வாட்ச். போன மார்கழியில் ஒரு காலை, மூன்றாவது சுற்றில் பெஞ்சில் உட்கார்ந்தார். நெற்றியெல்லாம் முத்து முத்தாக வியர்வை, அந்தக் குளிரில். “ஒண்ணுமில்லே, நேத்து ராத்திரி பரோட்டா” என்றார். ஒருவர் ஜெலுசில் வாங்க ஓடினார். இன்னொருவர் ஏப்பம் வரட்டும் என்று முதுகைத் தடவினார். நல்லவேளை, குழுவில் வீடியோ எதையும் பார்க்காத ஒரு நர்ஸம்மா உண்டு. யாரிடமும் கேட்காமல் 108-ஐக் கூப்பிட்டார்.

ஈசிஜி, ஆஞ்சியோ, ஸ்டென்ட் எல்லாம் மதியத்துக்குள் முடிந்தன. நான்காம் நாள் பழங்களோடு பார்க்கப் போனோம். தாசில்தார் கட்டிலில் சாய்ந்தபடி யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார்:

“சேச்சே, ஹார்ட்டெல்லாம் இல்லீங்க. கேஸ்தான். எதுக்கும் இருக்கட்டும்னு ஒரு ஸ்டென்ட் வச்சிருக்காங்க.”